லுகேமியா: வெண்குருதிப் புற்று

நம் நாளிதழ்கள் லுகேமியாவை 'இரத்தப் புற்றுநோய்' என்று எழுதிப் பழகிவிட்டன. பேச்சில் அது 'பிளட் கேன்சர்'. இரண்டுமே ஒரு குடும்பத்துக்குரிய பொதுப்பெயர்கள்தான். அந்தக் குடும்பத்தில் லுகேமியாவோடு, பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் கிளம்பும் லிம்போமாவும், எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் கெட்டுப் பெருகும் மயலோமாவும் சேர்ந்தே இருக்கின்றன. மூன்றின் போக்கும் வேறு, மருத்துவமும் வேறு. ஆகவே லுகேமியாவுக்கென்று தனியாக ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'வெண்குருதிப் புற்று' என்ற சொல் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. அதையே எல்லோரும் எடுத்தாள வேண்டும் என்பது என் கருத்து.

கிரேக்கத்தில் 'லியூக்கோஸ்' என்றால் வெண்மை, 'ஹைமா' என்றால் குருதி. இவை இரண்டும் சேர்ந்து பிறந்ததே லுகேமியா. அனீமியா, யுரீமியா போன்ற நோய்ப் பெயர்களின் வாலில் இருப்பதும் இதே ஹைமாதான்.

பெயரை வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1845-இல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் இறந்துபோன ஒரு பெண்மணியின் உடலை அவர் அறுத்துப் பார்த்தபோது, குருதிக் குழாய்களில் சீழ் போல வெளிறிய ஒன்று நிறைந்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்கள் குறைந்து, வெள்ளை அணுக்களே மண்டிக் கிடந்தன. அதே ஆண்டு, சில வாரங்கள் முன்னதாக, எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பவரும் இதே போன்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். குருதிக்குள்ளேயே சீழ் பிடித்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். விர்ச்சோ அப்படிச் சொல்லவில்லை. உடலில் எங்கும் புண்ணோ அழற்சியோ இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? காரணம் தெரியவில்லை, எனவே கண்ணுக்குப் பட்டதை மட்டும் பெயராக வைப்போம் என்று 'வெண்குருதி' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொற்களைத் தலைப்பாக்கினார். 1847-இல் அதையே கிரேக்கமாக்கி லுகேமியா என்றார். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாத அந்த நேர்மைதான் இந்தப் பெயரை இத்தனை காலம் வாழவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பென்னட் பின்னாளில் முன்வைத்த 'லியூக்கோசைத்தீமியா' என்ற நீளமான பெயர் நிலைக்கவில்லை.

வெள்ளை என்றதும் குருதி பால்போல ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்த குருதியைக் குழாயில் அசையாமல் வைத்தால் கீழே சிவப்பணுக்கள் படியும், மேலே பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீர்மம் நிற்கும், நடுவில் மெல்லிய வெள்ளை ஏடு ஒன்று தெரியும். இந்த நோயில் அந்த ஏடு தடித்துவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சிலருக்கு 1,00,000-ஐத் தாண்டும். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. வெள்ளை அணு எண்ணிக்கை குறைந்தே வரும் நோயாளிகளும் உண்டு. கெட்ட செல்கள் மஜ்ஜைக்குள் நெருக்கியடித்து, மற்ற அணுக்கள் உருவாக இடம் கொடுக்காமல் செய்துவிடும். சோர்வு, விடாத காய்ச்சல், ஈறில் இரத்தக் கசிவு என்றுதான் அவர்கள் மருத்துவரிடம் வருவார்கள். அங்கே பெயரின் நேர்ப்பொருள் பொருந்தாது.

நோயின் வேர் குருதியில் இல்லை, மஜ்ஜையில் இருக்கிறது என்று காட்டியவர் கோனிக்ஸ்பெர்க் நகரின் எர்ன்ஸ்ட் நாய்மன். குருதி அணுக்கள் பிறக்கும் இடமே எலும்பு மஜ்ஜைதான் என்று 1868-இல் சொல்லி, அடுத்த சில ஆண்டுகளில் லுகேமியாவையும் அதோடு இணைத்தார். மஜ்ஜை என்பது வடசொல். இலங்கைப் பாடநூல்களில் 'என்பு மச்சை' என்பார்கள். பழைய தமிழில் 'மூளை' என்ற சொல்லுக்கே தலைக்குள் இருப்பது, எலும்புக்குள் இருப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. கறிக்கடையில் நல்லி எலும்பு கேட்டு வாங்குகிறோமே, அதற்குள் இருப்பதுதான். கிரேக்க 'மியெலோஸ்' என்ற சொல்லும் எலும்பின் மச்சையையும் முதுகுத் தண்டுவடத்தையும் சேர்த்தே குறித்தது. அதனால்தான் போலியோமயலிட்டிஸும் (இளம்பிள்ளை வாதம்) மயலோமாவும் தொடர்பே இல்லாத நோய்களாக இருந்தும் ஒரே வேரில் நிற்கின்றன.

இனி மூலக்கூறு உயிரியலுக்கு வருவோம். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற, மெல்லப் பெருகும் வகை நோய் கொண்டவர்களின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். ஊரின் பெயரே அதற்குப் பெயராயிற்று: பிலடெல்பியா குரோமோசோம். (குரோமோசோமை நம் பக்கம் 'நிறப்புரி' என்றும் இலங்கையில் 'நிறமூர்த்தம்' என்றும் எழுதுவதுண்டு.) குட்டையானது ஏன் என்பதற்கு 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி விடை சொன்னார். துண்டு தொலைந்து போகவில்லை. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இதை 'இடமாற்றம்' என்றே எழுதலாம், எளிதாகப் புரியும்.

அந்த மாற்றத்தில் 9-இல் இருந்த ஏபிஎல் (ABL) மரபணு, 22-இல் இருந்த பிசிஆர் (BCR) மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இப்படிப் பிறக்கும் 'இணைவு மரபணு' ஒரு புதுப் புரதத்தை உண்டாக்கும். அது டைரோசின் கைனேஸ் என்னும் நொதி. இயல்பான ஏபிஎல் புரதம் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்து அடங்கிவிடும். இணைவுப் புரதமோ அடங்குவதே இல்லை. 'பிரி, பெருகு' என்ற கட்டளை செல்லுக்குள் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த நொதி ஏடிபி என்னும் ஆற்றல் தரும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் குழியில் போய் அமர்ந்து அதைச் செயலிழக்க வைக்கும் மருந்துதான் இமாடினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோய், மாத்திரையால் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடியதாக மாறியது.

இந்த மருந்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இமாடினிப்பை உருவாக்கிய நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது. இந்திய நிறுவனங்களின் மலிவான மாத்திரை நோயாளிகளுக்குத் தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. நம் ஊர் ஏழைக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வெண்மை + குருதி = வெண்குருதி. அதோடு புற்று சேரும்போது ப் மிகும்: வெண்குருதிப் புற்று. குருதி சங்கப் பாட்டுகளில் தாராளமாகப் புழங்கிய சொல். இலங்கையில் 'குருதி அமுக்கம்', 'குருதிக்கொடை' என்று இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. 'வெண்புற்று' என்று சுருக்கினால் தோலில் வரும் ஏதோ வெள்ளைப் புண் என்று தோன்றிவிடும், வேண்டாம். 'வெள்ளணுப் புற்று' அறிவியல்படி இன்னும் நெருக்கமானதுதான், ஆனால் லிம்போமாவில் கெட்டுப்போவதும் ஒருவகை வெள்ளை அணுவே என்பதால் அங்கும் குழப்பம் வரும்.

வகைப் பெயர்களில்தான் உண்மையான தொல்லை. 'அக்யூட்' என்பதைத் 'தீவிர' என்றும் 'குரோனிக்' என்பதை 'நாட்பட்ட' என்றும் மொழிபெயர்க்கிறோம். தீவிர என்றதும் தீவிர சிகிச்சைப் பிரிவு நினைவுக்கு வந்து குடும்பமே ஒடிந்துபோகும். நாட்பட்ட என்றால் கவனிக்காமல் முற்றவிட்டுவிட்டோம் என்று குற்றவுணர்வு கொள்வார்கள். இரண்டும் சரியல்ல. முதலாவது, முதிராத செல்கள் வேகமாகப் பெருகும் வகை. இரண்டாவது, ஓரளவு முதிர்ந்த செல்கள் மெல்லப் பெருகும் வகை. எனவே 'விரைவகை', 'மெதுவகை' என்று சொல்லலாமே. குழந்தைகளுக்கு அதிகம் வருவது விரைவகையில் நிணநீரணுவைச் சார்ந்தது. பெயரில் தீவிரம் இருந்தாலும், முறையான மருத்துவம் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள்.

விரைவகையில் இன்னொன்று, புரோமைலோசைட்டிக் லுகேமியா. இங்கே துண்டுகளை மாற்றிக்கொள்பவை 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள். இதற்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு மருந்தாகிறது, அதாவது நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாடாணம் என்ற அதே நஞ்சு. சீனாவின் ஹார்பின் நகரில் தொடங்கிய மருத்துவம் அது. அந்த ஒரு மருந்தை மட்டுமே கொடுத்தும் பலரை நெடுங்காலம் நோயின்றி வைத்திருக்க முடியும் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் காட்டினார்கள். மருத்துவமனையில் அளவு பார்த்து, இதயத் துடிப்பைக் கண்காணித்து, இரத்த நாளம் வழியாக ஏற்றுவது இது. வீட்டில் வைத்துக்கொள்ளும் மருந்து அல்ல.

இன்றைய வகைப்பாடுகளில் மரபணுவின் பெயரே நோயின் பெயருக்குள் வந்துவிடுகிறது. நோய்க்கும் வகைக்கும் தமிழ்ப்பெயர் கட்டாயம் வேண்டும். பிசிஆர்-ஏபிஎல் போன்ற மரபணுக் குறியீடுகளை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை கேட்கும், எது கேட்காது என்பதை மருத்துவர் அறிக்கையில் உள்ள அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்.