தின்குழியமா, விழுங்கு செல்லா?

மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கும் வந்துவிடும். இம்முறை எதிர்வீட்டு அன்ரிக்கு. அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளில் வெண்குழியம் குறைந்திருந்த வரியில் விரலை வைத்தபடி, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் அக்காவின் மகள் கேட்டாள்: "சித்தி, எங்கட புத்தகத்தில தின்குழியம் எண்டு கிடக்கு. இந்தியா வீடியோவில விழுங்கு செல் எண்டு சொல்லினம். எது சரி?"

இரண்டும் 'ஃபேகோசைட்' என்பதற்கு வந்த தமிழ்தான்: கிருமிகளை உள்ளே எடுத்துச் சிதைக்கும் கலம் (செல்). 1882 இல் சிசிலியின் மெசினா நகரில் விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், நட்சத்திர மீனின் குடம்பிக்குள் (இளம்பருவ உயிரிக்குள்) ரோசா முள்ளைக் குத்தி வைத்தார். கண்ணாடிபோல் ஊடுதெரியும் உடம்பு அது. மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் மொய்த்துக் கிடந்தன. வியன்னாவில் இருந்த விலங்கியலாளர் கார்ல் கிளவுஸ் அவற்றுக்குக் கிரேக்கத்தில் பெயர் சொல்லிக்கொடுத்தார்: 'ஃபேகீன்' தின்னுதல், 'கைட்டோஸ்' உட்குழிவான பாத்திரம். அந்தக் குழிவு நம்முடைய 'குழிய'த்திலும் கேட்கிறது.

தின்குழியம் வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. தின்ற, தின்கின்ற, தின்னும் குழியம் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இவற்றில் பெரிய வகையான மக்ரோபேஜை அதே வழியில் பெருந்தின்குழியம் எனலாம்.

எனக்குத் தின்குழியமே பிடிக்கும். விழுங்கினால் உள்ளே போகும், அவ்வளவுதான். இந்தக் கலமோ உள்ளே எடுத்ததை நொதியங்களால் (என்சைம்களால்) சிதைத்தும் விடுகிறது. இந்த வேறுபாடு டெங்கில்தான் நன்றாக விளங்கும். நுளம்பு குத்திய இடத்தில் தோலிலுள்ள கிளைக்கலங்களையும், அப்புறம் குருதியின் ஒற்றைக்கருக் குழியங்களையும் பெருந்தின்குழியங்களையும் வைரஸ் பிடிக்கிறது. கலம் அதை ஒரு பைக்குள் இழுத்து அமிலமாக்கும். மற்றக் கிருமிகளைச் சிதைக்க உதவும் அந்த அமிலமே டெங்கு வைரஸுக்குத் திறப்பு. பையின் சவ்வோடு ஒட்டிக் கலத்துக்குள் நழுவி, அங்கேயே பெருகும்.

"அப்ப விழுங்கினது, ஆனா தின்னேல்லை" என்றாள் பிள்ளை. சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

கலம் சும்மா இருப்பதில்லை. இன்டர்பெரோன் என்ற புரதத்தைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கும். ஆனால் டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால், முந்தைய தொற்றில் உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் (அன்டிபொடிகள்) அதை அழிக்காமல் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கலாம். தின்குழியம் அந்த ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரியைப் பிடித்து வைரஸை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். தொற்றிய கலங்கள் கொட்டும் இரசாயனச் செய்திகள் அளவு மீறும்போது நுண்குழாய்கள் கசியத் தொடங்கும். இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் வரும்; அந்த நாட்களில் அன்ரியின் தாளை வைத்தியர் இன்னும் கவனமாகப் பார்த்தது இதனால்தான்.