பேனிக் அட்டாக்: சொல்லும் பொருளும்

வெளிக்காரணமின்றித் திடீரென்று பெரும் பயம் கவ்வி, நெஞ்சு அடித்துக்கொள்வதே பேனிக் அட்டாக். இதிலுள்ள 'பேனிக்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அர்க்காடியா மலைக்காடுகளின் ஆட்டுக்கால் தேவன் பான். ஆளரவமற்ற இடத்தில் மந்தை காரணமின்றி வெருண்டு ஓடினால் அவன் வேலை என்று நம்பினார்கள். இதோடு சேர்த்துப் பேசப்படும் 'ஆங்சைட்டி'க்கு வேர் லத்தீனில், நெரித்தல் என்ற பொருளில்.

பின்னதற்குப் 'பதற்றம்' நன்றாகவே பொருந்துகிறது. பேனிக்குக்குப் 'பீதி' என்று எழுதுகிறார்கள். அது வடசொல், செய்திகளில் ஊரே அஞ்சுவதற்குப் பழகிவிட்ட சொல். மாடு மிரள்வதைச் சொல்லும் நம் 'மிரட்சி'யே மூலத்துக்கு நெருக்கம். ஆகவே பேனிக் அட்டாக், 'திடீர் மிரட்சி'. 'படபடப்பு' அதன் ஓர் அறிகுறி மட்டுமே.

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறது. நான்கும் வெளியே இருப்பவை. திடீர் மிரட்சியில் அஞ்சப்படுவது சொந்த உடம்பு. உடலின் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாகத் தப்பர்த்தம் செய்வதே இதன் மையம் என்று 1986இல் விளக்கினார் உளவியலாளர் டேவிட் கிளார்க். மாடிப்படி ஏறியதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 'ஹார்ட் அட்டாக்!' என்கிறது மனம். அட்ரினலின் சுரந்து துடிப்பு இன்னும் கூடுகிறது. மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. அந்த மரமரப்பே ஆபத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே தணியும். அப்படியிருந்தும் பயம் ஏன் விடுவதில்லை? ஆபத்தைத் தடுப்பதாக நம்பிச் செய்யும் 'காப்பு நடத்தை'தான் காரணம்: நாடி பிடித்துப் பார்ப்பது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகாதது, பஸ்ஸில் வாசலோரம் உட்காருவது. "உட்கார்ந்ததால் தப்பித்தேன்" என்று மனம் கணக்கு எழுதுகிறது. உட்காராவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது தெரியாமலே போகிறது.

எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிதல்சார் சிகிச்சை கை வைப்பது இங்கேதான். முதலில் கணிப்பை எழுத வேண்டும்: 'மயங்கி விழுவேன், 80 சதவீதம்'. பிறகு அஞ்சும் உணர்வை வேண்டுமென்றே வரவழைக்க, சிகிச்சையாளர் முன்னிலையில் ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குவது, அல்லது சுழல் நாற்காலியில் சுற்றுவது, அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியே மூச்சு விடுவது. தலை சுற்றும், ஆனாலும் உட்காரக் கூடாது, எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. முடிந்ததும் சதவீதத்தைத் திரும்ப எழுத வேண்டும். மயக்கம் வர இரத்த அழுத்தம் சரிய வேண்டும். மிரட்சியில் அது பொதுவாக ஏறுகிறது. பயிற்சி பலன் தராமல் போவதற்கு ஒரு காரணம், நடுவில் 'ஆழ்ந்த மூச்சு' எடுத்து உணர்வை அடக்குவது. அதுவும் காப்பு நடத்தைதான்.

இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதமின்றி இவற்றைச் செய்யக் கூடாது. முதன்முறை நெஞ்சுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுப்பதே சரி. இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகும், மனம் ஆறுவதற்காகவே மாதாமாதம் எடுத்துப் பார்ப்பது காப்பு நடத்தையில் சேரும்.