குத்துவிளக்கின் மரையும் கேமராவின் குமிழும்

திருவையாற்றிலிருந்து பைக்கில் கும்பகோணம் வந்து இறங்கிப் பார்த்தால், கேமராவின் ஷட்டர் பட்டன்மேல் திருகியிருந்த சிவப்புக் குமிழைக் காணவில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வழியில் இரண்டு இடங்களில் நடவு வயலில் இறங்கிப் படம் எடுத்திருந்தேன். சேற்றில் விழுந்ததோ, சாலையில் விழுந்ததோ தெரியாது. விரல் வலிக்க இறுக்கி வைத்தது எப்படித் தானாகக் கழன்றது? குமிழ் போனதைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது.

திருகின் மரை என்பது தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு சரிவுப் பாதை. கேமராவை ட்ரைபாடில் பொருத்தும் கால் அங்குலத் திருகில் அங்குலத்துக்கு 20 மரைகள் உண்டு. ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர்தான் ஏறும்; சரிவு சுமார் 4 டிகிரி. உலோகத்தின்மேல் உலோகம் தானாக வழுக்க ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு சரிவு வேண்டும். ஆகவே கணக்குப்படி திருகு கழலவே கூடாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பாருங்கள். பீடம், தண்டு, தகழி, பிரபை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மரை போட்டுத் திருகியவைதான். கூடத்தில் அசையாமல் நிற்கும் விளக்கு வருடக்கணக்கில் இறுகியே இருக்கிறது.

பைக்கில் போகும் கேமராவுக்கு அந்த நிம்மதி இல்லை. அதிலும் எல்லா அதிர்வும் ஒன்றல்ல. திருகின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்கே பக்கவாட்டில் வரும் அசைவுதான் அதை வேகமாகக் கழற்றும் என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு புத்தகத்தைச் சாய்த்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். வழுக்காத அளவுக்குச் சாய்த்தால் போதும். இப்போது புத்தகத்தின் பக்கவாட்டில் விரலால் தட்டுங்கள். நீங்கள் தட்டுவது பக்கவாட்டில்தான், ஆனால் நாணயம் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கீழேயும் இறங்கும். உராய்வு ஒரு திசையில் தோற்றுவிட்டால், அந்த நொடியில் மற்றத் திசையிலும் அதனால் பிடித்து நிறுத்த முடியாது. மரையின் சரிவில் இதுவே ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

சரி, பைக்கின் போல்ட் மட்டும் ஏன் நிற்கிறது? அதை ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது போல்ட்டே ஒரு ஸ்பிரிங்போல மயிரிழை நீள்கிறது. சுருங்கத் துடிக்கும் அந்த விசைதான் இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பிடிக்கிறது. நம் குமிழுக்கு இருப்பதோ மூன்று, நான்கு மரை. விரலால் எவ்வளவு முறுக்கினாலும் அது நீள்வது இல்லை என்றே சொல்லலாம். மரையில் இருக்கும் தூசோ பெயின்டோ லேசாக நசுங்கினாலே அழுத்தம் முழுவதும் போய்விடும். போதாக்குறைக்கு, ஷட்டர் பட்டனின் துளை உள்ளே போகப் போகக் குறுகும். தஞ்சாவூர் வீணையில் தந்தியை முறுக்கும் முளையான பிரடையும் அப்படிக் கூம்பியதுதான். ஆனால் பிரடையை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புகிறோம், அதனால் அது ஆப்புபோல இறுகும். ஷட்டர் பட்டனை அந்த அளவுக்கு அழுத்த முடியாது.

அதனால்தான் எனக்குப் பிடித்த தீர்வு ஒரு சின்ன ரப்பர் வளையம். குமிழுக்கும் பட்டனுக்கும் நடுவே அதைப் போட்டுத் திருகினால் ரப்பர் நன்றாக நசுங்கும். திருகு சற்றே பின்வாங்கினாலும் நசுங்கிய ரப்பர் விரிந்துகொண்டு தொடர்ந்து தள்ளும். போல்ட்டில் எஃகு செய்யும் வேலையை இங்கே ரப்பர் செய்கிறது. ட்ரைபாட் தட்டின்மேல் ரப்பரோ கார்க்கோ ஒட்டியிருப்பது கேமராவில் கீறல் விழாமல் இருக்க மட்டும் அல்ல, இதற்கும்தான். வெயிலிலும் வியர்வையிலும் ரப்பர் இறுகிக் கெட்டியாகிவிடும், அப்போது மாற்றிவிடுங்கள்.

குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பும் உதவும். ஒரு சுற்று போதும், திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். பிசிறு ஷட்டருக்குள் போய்விடாமல் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

மெக்கானிக்குகள் பயன்படுத்தும் திருகுப் பசையை மட்டும் பட்டன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் 1953-இல் உருவாக்கிய வகை அது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருக்கும், காற்றில்லாத உலோக இடுக்கில்தான் கெட்டிப்படும். அப்படியானால் ஷட்டருக்குள் கசிந்து இறங்கிய துளி எங்கே போய் உறையும் என்று யோசித்துப் பாருங்கள். சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடவும் வைக்கும்.

இப்போது புதுக் குமிழின் ஓரத்திலும், அதற்கு நேராகக் கேமராவின் மேல்தகட்டிலும் நெயில் பாலிஷால் ஒவ்வொரு புள்ளி வைத்திருக்கிறேன். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பார்ப்பேன். புள்ளிகள் விலகியிருந்தால் மறுபடி நேராகும்வரை முறுக்கிவிட்டுத்தான் வயலில் இறங்குகிறேன்.