'மதர்' பார்த்துவிட்டு எல்லாரும் கேட்கும் கேள்வி

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை செய்வதால், 'மதர்' என்ற ஜப்பானியத் தொடரைப் பார்த்து முடித்தவர்கள் என்னிடம் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நாவோ செய்தது சரிதானே?

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 2010இல் நிப்பான் தொலைக்காட்சியில் வந்த 11 பகுதித் தொடர் இது. எழுதியவர் சகமோதோ யூஜி. ஹொக்கைடோவின் முரோரான் ஊரில் நாவோ தற்காலிகப் பள்ளி ஆசிரியை. அவருடைய மாணவி ரெய்னா வீட்டில் அடியும் பட்டினியுமாகக் கிடக்கிறாள். ஒருநாள் இரவு, உறையும் குளிரில், குப்பைப் பையில் கட்டி வெளியே போடப்பட்டிருந்த அவளை நாவோ கண்டெடுக்கிறார். குழந்தை கடலில் விழுந்து இறந்ததாக ஊரை நம்பவைத்து, பெயரை மாற்றி, தன் மகளாகவே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். துருக்கியில் 2016இலும் கொரியாவில் 2018இலும் இதே கதையை மறுபடி எடுத்தார்கள். அங்கேயும் நன்றாக ஓடியது.

என் தொழில் சார்ந்து பார்த்தால், இந்தத் தொடர் சிறுமியை மிகச் சரியாக எழுதியிருக்கிறது. ரெய்னா அழுதுகொண்டே இருப்பவள் இல்லை. வாயாடி. தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். பிடிக்காததை நினைக்கவே கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட விதி. காயத்தைப் பற்றிக் கேட்டால் விழுந்துவிட்டேன் என்பாள், அம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டாள். சோர்ந்துபோய் மூலையில் உட்காரும் பிள்ளையைத்தான் பெரியவர்கள் தேடுகிறார்கள். அதனால் சிரித்துப் பேசும் இந்த மாதிரிப் பிள்ளை கண்ணில் படாமலே போய்விடுகிறது. அடிக்கிற அம்மாவைப் பிள்ளை காப்பாற்றுகிறதே, அப்படியென்றால் வீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்டுவது இன்னும் ஆபத்து. அந்த அம்மாவையும் தொடர் பேயாகக் காட்டவில்லை. மகளை ஆசையாக வளர்க்கத் தொடங்கிய இளம்பெண் தனியாகத் தவித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்ததை ஒரு பகுதி நிதானமாகச் சொல்கிறது. அவர் செய்ததை அது நியாயப்படுத்தவில்லை. யாராவது எப்போது உதவிக்கு உள்ளே நுழைந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.

சரி, கேள்விக்கு வருவோம். தூக்கிக்கொண்டு ஓடியது குழந்தையைக் காப்பாற்றியதா? அந்த ஓர் இரவுக்கு, ஆமாம். அப்புறம்? புதுப் பெயரில் பிறப்புப் பதிவு இல்லாததால் பள்ளியில் சேர்ப்பதும் சிக்கல், மருத்துவக் காப்பீடும் சிக்கல். ஏழு வயதுக் குழந்தை தன் பெயரையே மறைத்து வாழ வேண்டும். கடைசியில் நாவோ கைதாகிறார், குழந்தை காப்பகத்துக்குப் போகிறது. கதாசிரியர் நாவோவைத் தப்பவிடவில்லை. பார்ப்பவர்கள்தான் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஜப்பானின் அன்றைய சட்டமும் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. பெற்றோரின் உரிமையை முழுதாக வெட்டிவிடும் தத்தெடுப்பு அப்போது பொதுவாக ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான். 2020இல்தான் அதைப் பதினைந்துக்கு உட்பட்டவர்கள் வரை நீட்டினார்கள். அதே ஆண்டு, வீட்டில் பெற்றோர் அடிப்பதற்கும் தடை வந்தது. 2015 முதல் 189 என்ற மூன்று இலக்க எண்ணை அழைத்தால், குழந்தைக் கொடுமைப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான அந்தப் பகுதியின் குழந்தை ஆலோசனை மையத்துக்கு இணைப்பு போகும். தொடர் வருவதற்கு முன்பே, 2004இல் செய்த திருத்தம் இவற்றைவிட முக்கியம் என்பேன்: கொடுமை நடந்ததாகத் தோன்றினாலே தகவல் சொல்ல வேண்டும், நிரூபிப்பது சொல்பவரின் வேலை இல்லை.

எண் இருந்துவிட்டால் போதாது என்பதற்கு ஜப்பானின் நோடா நகரச் சம்பவம் சாட்சி. அப்பா அடிக்கிறார், ஏதாவது செய்ய முடியுமா என்று பள்ளிக் கருத்துக் கேட்புத் தாளில் ஒரு சிறுமி எழுதினாள். ரகசியம் காப்போம் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தது. அப்பா வந்து மிரட்டியதும் நகரக் கல்வி வாரியம் அதன் நகலை அவரிடமே கொடுத்துவிட்டது. 2019 ஜனவரியில், பத்து வயதில், அவள் இறந்தாள்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வாய் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வையுங்கள். விளக்கம் கேட்கிறேன் என்று பெற்றோரை உடனே கூப்பிட்டுவிடாதீர்கள், அன்று மாலை அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். இந்தியாவில் அழைக்க வேண்டிய எண் 1098. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.

இந்த வகைத் தொடர்களை யாருக்குப் பரிந்துரைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2014இல் இதே நிப்பான் தொலைக்காட்சி காப்பகப் பிள்ளைகளைப் பற்றி 'நாளை அம்மா இல்லை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தொடர் எடுத்தது. வளர்க்க முடியாதவர்கள் பெயர் சொல்லாமல் குழந்தையை விட்டுச்செல்லும் தொட்டிலில் விடப்பட்ட சிறுமிக்கு அதில் பட்டப்பெயர் 'தபால்பெட்டி'. நிஜத்தில் அப்படியொரு தொட்டிலை 2007 முதல் நடத்திவரும் குமாமோதோவின் ஜிகேய் மருத்துவமனை ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது, விளம்பரதாரர்களும் ஒதுங்கினார்கள். நல்ல நோக்கத்தோடுதான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் காப்பகத்திலிருந்து பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையை மறுநாள் வகுப்பில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை.