பிளெஸ்ஸர்: ஆசி கொடுப்பவரா?

தென்னாப்பிரிக்காவில் 2016 வாக்கில் ரொம்பவும் அடிபட்ட சொல் பிளெஸ்ஸர். அங்கே எச்.ஐ.வி. பரவுவதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதும்போது இந்தச் சொல்லை என்ன செய்வது? அகராதியை நம்பி ‘ஆசீர்வதிப்பவர்’ என்று தமிழாக்கினால் மடாதிபதியோ பங்குத்தந்தையோதான் கண்முன் வருவார். இவரோ கையில் காசு புழங்கும், வயதில் மூத்த ஆண். பல நேரம் மணமானவர். இளம்பெண்ணுக்கு போன் ரீசார்ஜ், ஒட்டுமுடி, ஐபோன், வெளிநாட்டுப் பயணம் என்று வாரி வழங்குவார். பதிலுக்குப் படுக்கை. வாங்கிக்கொள்ளும் பெண் பிளெஸ்ஸி. ரீசார்ஜோடு நிற்பவர் முதல் நிலை, அதற்கு மேல் இன்னின்ன நிலை என்று தரம் பிரித்து வேடிக்கை பேசியவர்களும் உண்டு.

சொல் பிறந்தது இன்ஸ்டாகிராமில். புதுக் கைப்பை, விமானப் பயணம் என்று படம் போட்ட பெண்கள் கீழே ‘பிளெஸ்ட்’ என்று எழுதினார்கள், ஏதோ கடவுள் கொடுத்தது போல. சரி, அந்தக் கடவுள் யார் என்று ஊர் கேட்டது. பிளெஸ்ஸர் என்று பெயரும் வைத்தது. ஆங்கில ‘பிளெஸ்’ ரத்தத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது, ரத்தம் தெளித்துப் புனிதமாக்குவதே அதன் முதற்பொருள் என்பார்கள். எச்.ஐ.வி. பற்றிப் பேசும்போது இது கொஞ்சம் நெருடுகிறது.

இதற்கு முன் புழங்கியது ‘சுகர் டாடி’, 1920களின் அமெரிக்கக் கொச்சை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2012இல் சுகர் டாடிகளைக் கண்டித்து விளம்பரப் பலகைகளே வைத்தார்கள். அந்தச் சொல்லில் கேலி இருந்தது. புதுச்சொல்லில் நன்றிக்கடன் ஏறிவிட்டது. எனக்கு இதுதான் மோசமாகப் படுகிறது.

எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து பரிசுப் பொருளில் இல்லை. வயது வித்தியாசத்திலும், ஆணுறை போடு என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையிலும் இருக்கிறது. அதே மாகாணத்தில் வைரஸின் மரபணுக்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2016 டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் பேசப்பட்டது. இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டாத பெண்களுக்குத் தொற்று பெரும்பாலும் சராசரியாக எட்டு, ஒன்பது வயது மூத்த ஆண்களிடமிருந்து வந்திருந்தது. அந்தப் பெண்கள் முப்பதை நெருங்கும்போது தங்கள் வயது ஆண்களோடு சேர்கிறார்கள். தொற்று அந்த ஆண்களுக்குப் போகிறது. அவர்களில் சிலர் மறுபடியும் இளம்பெண்களைத் தேடிப் போகிறார்கள். சகாராவுக்குத் தெற்கே 15 முதல் 24 வயதுப் பெண்களுக்குத் தொற்றும் வாய்ப்பு அதே வயது ஆண்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 2022ஆம் ஆண்டு நிலவரமாகச் சொன்னது.

பகட்டுக்காக மட்டும் இது நடப்பதில்லை. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்கள், மீனவருக்கு உடன்பட்டால்தான் கூடை நிறையும் என்ற நிலை இருந்தது. அங்கே அதற்குப் பெயர் ஜபோயா.

தமிழில் என்ன சொல்வது? வைப்பாட்டி, சின்னவீடு என்று பெண்ணுக்குப் பெயர் தாராளமாக இருக்கிறது. வைத்துக்கொண்டவருக்கு? ‘பெரிய மனுஷன்’! குறள் 1311இல் தலைவி ‘பரத்த’ என்று கணவனையே விளிக்கிறாள். நல்ல சொல்தான், ஆனால் அதில் பல பெண்களை நாடுவது இருக்கிறது, பணத்தின் பிடி இல்லை. புரவலர் என்றால் கொடுப்பது வந்துவிடும், கூடவே வேண்டாத மரியாதையும் வந்துவிடும். ‘கைம்மாறு கேட்கும் புரவலர்’ என்பது என் யோசனை. தலைப்புக்கு நீளம்தான். தலைப்பில் பிளெஸ்ஸர் என்றே போட்டு, முதல் வரியில் இதை எழுதிவிடலாம். பிளெஸ்ஸியை வைப்பாட்டி ஆக்காமல் இருந்தால் சரி.