ஐந்து குச்சிகளில் ஒரு மாந்தோப்பு

எங்கள் பள்ளியில் பேஸ்டல் பெட்டியைத் திறந்தால் முதலில் தீர்ந்துபோவது பச்சைதான். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் படத்தின் ஓரத்திலாவது ஒரு மாமரம் வந்து நின்றுவிடும். இந்த ஆண்டு பச்சை தீர்ந்தபோது நான் புதுப் பெட்டி எடுக்கவில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து குச்சிகளை மட்டும் மேசைமேல் வைத்து, “மாந்தோப்பு வரையுங்கள்” என்றேன்.

“பச்சை இல்லாமல் எப்படி சார்?”

நான் அறிவியல் ஆசிரியர். ஓவிய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாதி விடை ஒளியில் இருக்கிறது, மீதி காகிதத்தில் இருக்கிறது.

முதலில் குச்சியைப் பார்ப்போம். ஆயில் பேஸ்டல் என்பது நிறமித் தூளை மெழுகிலும் எண்ணெயிலும் பிசைந்து, சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பி சேர்த்து அச்சில் வார்த்தது. வாட்டர் கலரில் நீர் ஆவியாகி வண்ணம் இறுகிவிடுகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. பேஸ்டலில் இருக்கும் எண்ணெயோ காய்வதே இல்லை. போன வருடத்துப் படத்தை இன்று விரலால் தேய்த்தாலும் வண்ணம் நகரும். படத்தைப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இது தொல்லை. வண்ணம் கலக்க நினைப்பவர்களுக்கு இதுவே வரம்.

இந்தக் குச்சி 1925இல் ஜப்பானில் பிறந்தது. பிள்ளைகளை மாதிரிப் படத்தைப் பார்த்து வரையவைக்காமல், தாமாக வரையவிட வேண்டும் என்று அங்கே ஓர் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய கிரையான்கள் கடினமானவை. ஒன்றன்மேல் ஒன்று கலக்காதவை. ஒசாகாவின் சகுரா நிறுவனம் மெழுகோடு தேங்காய் எண்ணெயும் சேர்த்து மென்மையான குச்சி செய்தது. தேங்காய் எண்ணெயின் குணம் நமக்குத் தெரியாததா? ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு விதமாகக் குச்சி செய்ய வேண்டியிருந்தது. இன்றைய கலவைகள் மேம்பட்டவைதான். ஆனாலும் மார்கழிக் காலையில் சரியாக ஒட்டாத அதே குச்சி, சித்திரை வெயிலில் ஜன்னலோரம் கிடந்தால் விரலில் பிசுபிசுக்கிறது. விரலால் தேய்க்கும்போது நடப்பதும் இதுதான்: உடல் சூடும் உராய்வின் சூடும் சேர்ந்து மெழுகை இளக்குகின்றன.

இப்போது பச்சைக்கு வருவோம். பிள்ளைகளை மஞ்சளை நன்றாக அழுத்திப் பூசச் சொன்னேன். அதன்மேல் நீலத்தை லேசாக இழுக்கச் சொன்னேன். தள்ளி நின்று பார்த்தால் பச்சை தெரியவில்லை. அழுக்கடைந்த ஒரு சாம்பல்தான் தெரிந்தது. சிலர் முகம் வாடிவிட்டது. கை லென்ஸை எடுத்துக் கொடுத்தேன். ஓவியக் காகிதம் வழவழப்பானதல்ல. அதன் இழைகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. மேடுகளின் உச்சியில் மட்டும் நீலம் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருந்தது. பள்ளங்களில் மஞ்சள் அப்படியே கிடந்தது. துணுக்குகள் தனித்தனியே இருக்கும்வரை நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் தனித்தனியே கிளம்பி வந்து நம் கண்ணில்தான் சேர்கின்றன. அந்தச் சேர்க்கை பச்சையைத் தராது. சாம்பலை நோக்கித்தான் போகும்.

“இப்போது தேயுங்கள்” என்றேன். நாலைந்து முறை விரல் ஓடியதும் சாம்பல் விலகிப் பச்சை எழுந்து வந்தது. வகுப்பே சத்தம் போட்டது.

தேய்த்ததும் நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்துவிட்டன. இனி உள்ளே புகும் ஒளிக்கதிர் இரண்டையும் சந்தித்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். மஞ்சள் நிறமி ஒளியிலுள்ள நீலத்தை விழுங்கிவிடுகிறது. நீல நிறமி சிவப்பை விழுங்கிவிடுகிறது. இரண்டும் விட்டுவைக்கும் மிச்சம்தான் பச்சை. எந்த நீலம் என்பதும் முக்கியம். எங்களிடம் இருந்தது ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம். அது பச்சையையும் நிறையவே விழுங்கிவிடும். அதனால் கிடைத்தது மங்கலான, கருத்த பச்சை. முற்றிய மாவிலைக்கு அதுதான் சரியான நிறம். பெட்டியில் வந்த பளிச்சென்ற பச்சை ஒருநாளும் மாவிலையைப் போல் இருந்ததில்லை.

வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. நீலத்தை முதலில் பூசி அதன்மேல் மஞ்சளைத் தேய்த்தால், மென்மையான மஞ்சள் குச்சி கீழே இருக்கும் நீலத்தை அள்ளிக்கொள்ளும். பிறகு அந்தக் குச்சி தொட்ட இடமெல்லாம் அழுக்குதான். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. நடுநடுவே குச்சியின் முனையைப் பழைய துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு பூச்சுக்குமேல் காகிதத்தின் பள்ளங்கள் நிரம்பிவிடும். அதன்பின் எதுவும் ஒட்டாமல் வழுக்கும்.

மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த ஆரஞ்சின்மேல் நீலத்தைத் தேய்த்தால் மூன்றுமாக ஒளியின் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கி, ஒரு பழுப்புச் சாம்பல் வரும். எங்கள் ஊர்க் கருங்கல் குன்றுகளுக்கு இதைப் பயன்படுத்தினோம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலைவிட இது உயிரோடு இருக்கிறது. ஏனென்றால் படத்தின் மரத்திலும் மண்ணிலும் இருக்கும் அதே மூன்று நிறமிகள்தான் பாறைக்குள்ளும் இருக்கின்றன. குறைந்த வண்ணங்களில் வரைந்த படம் ஒரே குடும்பம்போலத் தெரிவதன் காரணமும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்தது தளிர்தான். மாமரத்தின் இளந்தளிர் பச்சையாக இருப்பதில்லை. செம்பு நிறத்தில் மினுங்கும். சங்கக் கவிஞர்கள் பெண்ணின் மேனி நிறத்துக்கு அதைத்தான் உவமை சொன்னார்கள். தயாராகப் பச்சைக் குச்சி கையில் இருந்த வருடங்களில் ஒரு பிள்ளைகூட அந்தத் தளிரை வரைந்ததில்லை. இம்முறை மூன்று பேர் வரைந்தார்கள். மஞ்சளில் எவ்வளவு நீலம் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஜன்னல் வழியே மரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது; பார்த்ததும் தளிர் கண்ணில் பட்டுவிட்டது.

பக்கத்து நிறமும் ஒரு நிறத்தை மாற்றும். பாரிஸின் கோப்லன் சாயப் பட்டறையில் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் அதை ஒரு நூலாகவே எழுதினார். ஆரஞ்சு மாம்பழத்துக்கு அருகே வைத்த வெறும் சாம்பல், நீலம் கலந்ததுபோல் தெரிவது இதனால்தான். அந்த நீலத்துக்குக் குச்சி தேவையில்லை.

காகிதமும் ஒரு வண்ணம். பர்கூருக்கு அருகே மல்லப்பாடிப் பாறையில் முன்னோர்கள் வெள்ளை ஒன்றைக்கொண்டே வரைந்திருக்கிறார்கள். பாறையின் கருமை இரண்டாவது நிறமாக நின்று அவர்களுக்கு உதவியது. இதைச் சொன்ன மறுநாள் ஒரு மாணவி மாம்பழப் பெட்டியின் பழுப்பு அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மண்ணுக்கென்று அவள் எதையும் பூசவில்லை. வெள்ளைக் குச்சியால் ஒரு கொக்கை மட்டும் வரைந்து, அதன் காலடியில் அட்டையை அப்படியே விட்டிருந்தாள்.