காற்றை நிறுக்கும் காபரேற்றர்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது, 1098 சிசி. இடப்பெயர்வுக் காலத்தில் யாரோ கழற்றிய காபரேற்றர் திரும்பி வரவேயில்லை. போன மாதம் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய எஸ்.யூ. காபரேற்றர் ஒன்றை வாங்கி வந்து, எல்லாவற்றையும் பிரித்து, நன்றாகக் கழுவித் துடைத்துப் பூட்டியிருக்கிறார். கார் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்லோவிலும் நிற்கிறது. ஆக்சிலேற்றரைப் பையப் பைய மிதித்தால் ஓடவும் செய்கிறது. சட்டென்று மிதித்தால் மட்டும் ஒரு தும்மல், அப்புறம் அடங்கிவிடுகிறது. பிளக்கை மாற்றியாயிற்று. பெற்றோலை வடித்துப் பார்த்தாயிற்று. நாவூறு பட்டிருக்கும் என்று பெரியம்மா சொல்லித் தேசிக்காயும் வெட்டியாயிற்று.

விடை அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது, ‘நன்றாகக் கழுவித் துடைத்து’ என்ற இடத்தில். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

பெற்றோல் எரியக் காற்று வேண்டும், இது பள்ளிக்கூடப் பாடம். 1 கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று. நிறையில் சொன்னால் பெரிதாகத் தெரியாது. கனவளவில் பாருங்கள்: 1 லீற்றர் பெற்றோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று. ஒரு போத்தலுக்கு ஒரு சின்னக் குசினி நிறையக் காற்று என்று வையுங்கள். இந்தக் கணக்குப் பிசகாமல் கலந்து கொடுப்பதுதான் காபரேற்றரின் வேலை.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் கிண்ணம் அதன் குளம். உள்ளே ஒரு மிதவை. பெற்றோல் மட்டம் ஏறினால் மிதவை எழும்பித் துருசை மூடும், இறங்கினால் திறக்கும். குளத்தை நம்பி விதைக்கிற ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. குளத்துப் பெற்றோல் காற்றோடு சேரும் இடம் ஒடுங்கிய கழுத்து. ஒடுக்கத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். விஞ்ஞானி பேர்னூலி 1738 இல் எழுதியது, இன்னொரு விஞ்ஞானி வெஞ்சூரி 1797 இல் குழாய்களில் காட்டியது. கிண்ணத்துக்கு மேலே வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்க, கழுத்தில் குறைந்திருப்பதால், பெற்றோல் ஜெற் என்ற சிறு துளையால் தள்ளப்பட்டுத் தூவானமாகக் காற்றில் கலக்கிறது.

சிக்கல் என்னவென்றால் இஞ்சின் எப்போதும் ஒரே அளவில் மூச்சு வாங்குவதில்லை. இந்த மைனர் ஸ்லோவில் நிமிடத்துக்கு நூறு லீற்றரை ஒட்டி இழுக்கும். முழுப் பாய்ச்சலில் இரண்டாயிரம் லீற்றரைத் தாண்டும். இருபது மடங்கு. கழுத்தின் அகலம் மாறாவிட்டால் காற்றின் வேகமும் இருபது மடங்கு மாறும். இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் போல மாறுவதால் அது நானூறு மடங்கு. பாய்ச்சலுக்குச் சரியாக வைத்தால், ஸ்லோவில் பெற்றோலை எழுப்பவே இழுவை போதாது. அதனால்தான் கழுத்து மாறாத காபரேற்றர்களில் ஸ்லோவுக்கு ஒரு ஜெற், ஓட்டத்துக்கு ஒரு ஜெற், சட்டென்று மிதித்தால் பெற்றோல் பீச்ச ஒரு குட்டிப் பம்ப் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நன்றாகத்தான் வேலை செய்யும். எனக்கு என்னவோ அதில் மனம் ஒட்டுவதில்லை.

1900களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர், காற்றுக்குத் தக்கபடி கழுத்தே அகன்று ஒடுங்கினால் என்ன என்று யோசித்தார். சப்பாத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஆகவே அவருடைய முதல் காபரேற்றர்களில் இருந்தது தோலில் செய்த துருத்தி! தம்பி தோமஸ் கார்லைலும் சேர்ந்துகொள்ள ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ ஆயிற்று, சுருக்கமாக எஸ்.யூ. 1926 இல் மொறிஸ் கார்களின் சொந்தக்காரர் வில்லியம் மொறிஸ் அதை வாங்கிவிட்டார். துருத்தி போய்ப் பிஸ்டன் வந்தது.

இனிமேல்தான் நான் எழுத ஆசைப்பட்ட இடம். கழுத்தின் குறுக்கே மேலிருந்து ஒரு பிஸ்டன் இறங்கி நிற்கிறது. (பாடநூலில் முசலம். கராஜில் போய் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள்.) அதன் தலை அகலமானது. கவிழ்த்த மணி போன்ற ஒரு கூட்டுக்குள் உராயாமல் ஏறி இறங்கும். தலைக்குக் கீழே வெளிக்காற்று. தலைக்கு மேலே உள்ள அறை, பிஸ்டனில் இருக்கும் துளை வழியாக, கழுத்துக்கு அப்பால் இஞ்சின் பக்கத்துக் காற்றோடு தொடுத்திருக்கிறது. இஞ்சின் இழுத்தால் மேலறையில் அழுத்தம் குறையும், கீழிருந்து வெளிக்காற்று பிஸ்டனைத் தூக்கும். பிஸ்டன் எழும்பினால் கழுத்து அகலும், காற்றின் வேகம் தணியும், இழுவையும் தணியும். பிஸ்டனின் பாரமும் அதற்கு மேலுள்ள மெல்லிய ஸ்பிரிங்கும் எந்த இடத்தில் இழுவைக்குச் சமமாகின்றனவோ, அந்த இடத்தில் நிற்கும்.

இப்போது பாருங்கள். பிஸ்டனின் பாரம் மாறாது. தலையின் பரப்பும் மாறாது. பாரத்தைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம், ஆகவே அதுவும் மாறாது. ஸ்பிரிங்கால் வரும் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடுவோம். சந்தையில் ஊர்ந்தாலும் ஏ9 வீதியில் பறந்தாலும் கழுத்தில் ஒரே இழுவை, ஒரே வேகம். காற்றுக் கூடினால் வாசல் அகலும், அவ்வளவுதான். உலை கொதிக்கும்போது மூடி எழும்பி எழும்பி ஆவியை விடுமே, அதே சங்கதி. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் மூடியின் பாரத்தை மீறிப் பானைக்குள் அழுத்தம் ஏறாது. நானூறு மடங்குத் தலையிடியை ஒரு பாரம் தீர்த்துவிட்டது.

அப்படியென்றால் பிஸ்டன் நிற்கும் உயரமே அந்தக் கணத்தில் உள்ளே போகும் காற்றின் அளவு. தராசு முள் மாதிரி. அந்த முள்ளிலேயே பெற்றோல் கணக்கையும் கட்டிவிட்டார்கள். பிஸ்டனுக்கு அடியில் கூர்ந்து போகும் ஓர் ஊசி, 0.090 அங்குல ஜெற்றுக்குள் தொங்குகிறது. பிஸ்டன் உயர உயர ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றுக்கு வரும், சுற்றியுள்ள இடைவெளி கூடும், பெற்றோல் கூடும். ஊசியின் தடிப்பை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒருமுறை குறித்து வைத்திருக்கிறார்கள். தச்சர் கணக்கில் சரியாக ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தடிப்பு. பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஊசிகளில் நூற்றுக்கணக்கான வகை உண்டு, ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒன்று.

சரி, தும்மலுக்கு வருவோம். ஆக்சிலேற்றரைச் சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி மேலே போகும். வாசல் ஒரேயடியாக அகலும், இழுவை விழும். காற்று இலேசானது, உடனே ஓடி வந்துவிடும். பெற்றோல் பாரமானது, பிந்தும். கலவை மெலிந்து இஞ்சின் தும்மும். இதற்காகப் பிஸ்டனின் நடுத்தண்டைக் குழாயாகச் செய்து, அதற்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி, மேல்மூடியிலிருந்து ஒரு குட்டித் தடுப்பானைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே போகும்போது ஒயில் பிடித்து வைக்கும். கீழே வரும்போது விட்டுவிடும். மிதித்தவுடன் பிஸ்டன் அரைக் கணம் தயங்கும், அந்தத் தயக்கத்தில் ஒடுங்கிய வாசலால் காற்று சீறிப் பாயும், பெற்றோலைக் கூடுதலாக இழுத்து வரும். தனிப் பம்ப் தேவையில்லை. சில துளி ஒயிலின் பிசுக்கு போதும்!

மல்லாவித் தம்பி, நீங்கள் கழுவித் துடைத்தபோது அந்த ஒயிலையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள். கறுத்த மூடியைத் திருகிக் கழற்றி, 20 ஆம் நம்பர் ஒயிலை விடுங்கள். தடிப்பானதை விடாதீர்கள். ஒருமுறை நான் கையில் கிடைத்த கியர் ஒயிலை ஊற்றிவிட்டு, மாங்குளம் வரை மிதிக்கும் போதெல்லாம் கரும்புகை கக்கிக்கொண்டு போனேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போகும்போது சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாற்றுக் காபரேற்றர் என்பதால் இன்னும் இரண்டு வேலை. பிஸ்டனும் அந்த மணி போன்ற கூடும் பிறவிச் சோடி, வேறொன்றின் கூட்டை எடுத்துக் கவிழ்த்தால் உராயும். எயார் கிளீனரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் முழுக்க உயர்த்தி விட்டுப் பாருங்கள். ‘டொக்’ என்று விழ வேண்டும். சத்தமில்லாமல் சொகுசாக இறங்கினால் ஊசி ஜெற்றில் உரசுகிறது. ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவராமல் மேற்கொண்டு எதைச் செய்தும் பயனில்லை.

அப்புறம் கலவை. ஜெற்றுக்கு அடியிலுள்ள அறுபக்க நட்டை மேலே இறுக்கினால் மெலியும், கீழே இறக்கினால் தடிக்கும். ஜெற்றின் வாய் கழுத்தின் தளத்தோடு மட்டமாக வரும்வரை ஏற்றிவிட்டு, இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பக்கம் இறக்கி ஸ்டார்ட் பண்ணுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். பிறகு பக்கத்திலுள்ள சிறு ஊசிப்பொத்தானால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திக் காதைக் கொடுங்கள். இஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே தளர்ந்தால் குறைவு. ஒரு கணம் சற்றே ஏறிப் பழையபடி ஆனால் சரி. ஒவ்வொரு முறையும் நட்டில் ஒரு பக்கம் மட்டும் திருப்புங்கள். நம் வெயிலில் காற்று ஐதாக இருப்பதால், குளிர்நாட்டுக்குச் சொன்ன அளவைவிட ஒரு பக்கம் மேலே போக வேண்டி வரலாம்.

இந்தக் காதுப் பரீட்சையை எனக்குக் கற்றுத் தந்தவர் கிளிநொச்சிப் பக்கத்து மெக்கானிக் ஐயா ஒருவர். புத்தகம் பார்த்தவர் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் பொன்னாகிவிட, வன்னியில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியது நம் தலைமுறைக்குத் தெரியும். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்த முதல் மிடறு. மைனரில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது வசதியாகப் போயிற்று, புகையின் சூடே ஆவியாக்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு இஞ்சின் இடிக்கும் என்பதால் தீப்பொறி நேரத்தைப் பிந்தவைத்தார்கள். ஆவியாகாத மிச்சம் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும் என்று அடிக்கடி ஒயில் மாற்றினார்கள், கிடைத்தபோது. யாரும் அவர்களுக்கு வெப்ப இயக்கவியல் பாடம் எடுக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆய்வுப் பணத்தில் ஒரு சின்னத் துண்டை ஒதுக்கி, இந்த ஐயாமார் இருக்கும்போதே நாலு மாணவரை ஒலிப்பதிவுக் கருவியோடு கராஜ்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. உலகத்தரக் கட்டுரை வராவிட்டாலும் பரவாயில்லை.

நாவூறு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் போனால் கார் வழியில் நின்றுவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் நிறுத்திக் கும்பிட்டு, கச்சான் வாங்கித்தான் போகிறேன். ஆனால் பழைய கார்களுக்கு வில்லங்கம் வருவது நிறுத்தியவர்களுக்குத்தான். ஓடும்போது கிண்ணத்துக்குப் புதுப் பெற்றோல் வந்துகொண்டிருக்கும், காற்றும் படும். நண்பகலில் இஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கச்சான் கொறித்தால், அடியிலுள்ள புகைக்குழாயின் சூடு முழுக்கக் காபரேற்றருக்கு ஏறும். கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து உள்ளே வழியும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கர் கர் என்று இழுக்குமே தவிரப் பற்றாது. சொக்கை இழுக்காமல், ஆக்சிலேற்றரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள், தேங்கிய ஆவி வெளியேறிவிடும். முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கும்பிடப் போனால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். பிஸ்டனிலிருந்து ஊசியைக் கழற்றிப் பார்த்தால் அதன் தடித்த நுனியில் எழுத்துப் பொறித்திருக்கும். ‘ஏ என்’ என்றால் உங்கள் 1098 இஞ்சினுக்கு உரியது. ‘எம்’ என்றால் அது 948 சிசி மைனரின் ஊசி. அப்படியானால் ஒயில் ஊற்றித் தும்மல் நின்றாலும், நட்டைத் திருப்பித் திருப்பி ஸ்லோவைச் சரிசெய்வீர்கள், ஓட்டத்தில் கணக்கு உதைக்கும்.